பூட்டுக் கடைக்காரர் வீட்டுக் காமிரா

சடையாண்டியின் வலது கையைத் தரையோடு அழுத்தி வைத்து, இரண்டு கிலோ பூட்டால் ஓங்கி ஒரு போடு போட்டாள் சொர்ணலட்சுமி. விரல்கள் நசுங்கின. அவன் அலறியது திண்டுக்கல் கடைத்தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏலே, நகைய எங்க குடுத்து விட்ட?"

"சத்தியமா நான் எடுக்கலம்மா. மொதலாளி வரச் சொன்னாருன்னுதான் வந்தேன்."

முதலாளி சுப்புராஜ் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நெற்றி பிளந்து, சட்டையெல்லாம் ரத்தம். சொர்ணலட்சுமிக்குக் கூடப்பிறந்த அண்ணன். பூட்டு வியாபாரம் செய்பவர் வீட்டில் இருப்பதுதான் பத்திரம் என்று, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நாற்பது பவுனை அவர் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் வைத்திருந்தாள். பெட்டி இப்போது காலியாக வாயைப் பிளந்து கிடந்தது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள்.

நடந்ததைச் சுப்புராஜ் முனகி முனகிச் சொல்லியிருந்தார். மனைவி வத்தலக்குண்டு போயிருந்ததால் வீட்டில் தனியாக இருந்தார். பன்னிரண்டு மணிக்குச் சடையாண்டி உள்ளே வந்து, மேஜையில் கிடந்த பூட்டை எடுத்து மண்டையில் அடித்தான். இடுப்புச் சாவியைப் பிடுங்கிப் பெட்டியைத் திறந்து, நகையை ஜன்னல் வழியாக எவனோ கூட்டாளியிடம் கொடுத்துவிட்டான். கூச்சல் கேட்டுப் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்து அமுக்கிவிட்டார்கள். எட்டு வருஷம் தங்களோடு பூட்டு ராவியவன் என்றுகூடப் பார்க்காமல் ஆளுக்கு நாலு மிதி மிதித்தார்கள்.

இத்தனைக்கும் தலைக்கு மேலேயே ஒரு காமிரா இருந்தது. பூட்டு விற்கிறவரே பூட்டை நம்பவில்லை என்று ஊர் சிரித்தாலும் பரவாயில்லை என்று, நகையை வைத்த கையோடு சொர்ணலட்சுமி அடம்பிடித்து மாட்ட வைத்த காமிரா.

மாட்டியவன் அருள்நாதன். டி.வி.யும், வீடியோ கேசட் போடும் டெக்கும் வாடகைக்கு விடுகிறவன், கல்யாண வீடியோவும் எடுப்பான். காமிராவை டி.வி.யோடு மட்டும் இணைத்தால் செலவு கம்மி என்றான். டெக்கையும் சேர்த்தால் கேசட்டில் பதியும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கேசட் மாற்ற வேண்டும் என்றான். ஒரே கேசட்டில் நாள் முழுக்க ஓடுகிற மெஷினும் உண்டு, மெட்ராஸிலிருந்து வரவழைக்கணும், விலை கேட்டால் மயக்கம் வரும் என்றான்.

டி.வி.யில் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் சுப்புராஜ். "களவாணிப் பய வந்துட்டுப் போன பெறகு டி.வி.யப் பாத்து என்ன செய்ய? கேசட்ல இருக்கணும்" என்று தங்கச்சி ஒரேயடியாக நின்றாள். டெக்கே முடிவாயிற்று. திருடன் டெக்கையே தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று அதை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அருள்நாதனிடமே கொடுத்தார்கள். காலையில் அவன் வந்து டி.வி.யையும் டெக்கையும் ஒன்றாகப் போட்டுவிடுவான், மத்தியானம் கேசட் மாற்றுவான், சாயங்காலம் இரண்டையும் ஒன்றாக நிறுத்துவான். வாடகைக்குப் படம் போடும் வீடுகளிலும் அவன் பழக்கம் அதுதான்.

பட்டறை ஆள் ஒருவன் கேசட்டைப் பார்க்கலாமே என்றான்.

"அதுல ஒண்ணும் இருக்காதப்பா" என்றார் சுப்புராஜ். "டி.வி. சூடாகுதேன்னு செத்த நேரம் அமத்தி வச்சேன். அந்நேரம் பாத்து வந்துட்டான் படுபாவி."

கிடைத்த ஒரே சாட்சியும் போயிற்றே என்ற ஆத்திரத்தில் சொர்ணலட்சுமி சடையாண்டியின் வாயிலேயே மிதித்தாள். இரண்டு பல் தெறித்து விழுந்தது. அவன் அலறக்கூட இல்லை. இன்னும் நாலு அடி விழுந்தால் ஆள் தேறமாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் ஒருவரும் தடுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் கேசட் மாற்ற அருள்நாதன் வந்தான். ரத்தத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். விஷயத்தைச் சொன்னார்கள்.

"டி.வி.ய அமத்துனா என்னண்ணே?" என்றான் அவன். "அது நம்ம பாக்குறதுக்குத்தான. படம் புடிக்கிறது டெக்கு. அது பாட்டுக்கு உள்ள ஓடிக்கிட்டுல்ல இருக்கு."

சுப்புராஜ் சாய்ந்திருந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேசட்டெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் இவனை ஸ்டேஷனில் தள்ளிவிட்டு வாங்க என்று ஆட்களை விரட்டினார்.

சொர்ணலட்சுமி அசையவில்லை. அண்ணனை அடித்த கை எது என்று தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. "போடுப்பா அருளு. இவன் மூஞ்சிய நாலு பேரு பாக்கட்டும். அதக் காட்டியே மிச்சக் கையையும் ஒடிக்கச் சொல்றேன்."

அருள்நாதன் மரப்பெட்டியைத் திறந்து, கேசட்டைப் பின்னால் ஓட்டி, டி.வி.யைப் போட்டான். படம் கோடு கோடாக ஆடிவிட்டு நின்றது. அதே கூடம், அதே மேஜை, பூட்டிய இரும்புப் பெட்டி. சொர்ணலட்சுமி டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் படம் ஓடியது.

அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணே, ஒம் மண்டைல நீயேல்ல அடிச்சுக்கிற?"