மெஷினில் ஒட்டிய சீட்டு

"இதை இங்க ஒட்டினது யாரு?"

சூப்பர்வைசர் சத்தமாகக் கேட்கவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபது வருஷமாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் மூப்பர். புதன்கிழமை வேதபாடம் நடத்துவதும் அவர்தான்.

"நான்தான் ஐயா," என்றாள் அக்கா.

காலை ஷிஃப்டில் அந்த இஸ்திரி மெஷினில் நிற்பவள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளும் அதே சபைதான்.

மெஷின் கைப்பிடிக்கு மேலே, நிற்பவர் கண்ணுக்கு நேராக, பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒரு சீட்டு. சூப்பர்வைசர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டு வாசித்தார்.

"நான் உதவாதவள் இல்லை. எனக்கு வேலை தெரியும். நான் வேண்டப்பட்டவள்."

பக்கத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"ஏம்மா, வயசு அம்பதைத் தாண்டியாச்சு. உன் முதுகை நீயே தட்டிக்கொடுத்துக்கிற வயசா இது?"

"தப்பா ஐயா?"

"தப்புதான். இப்ப எங்க பார்த்தாலும் இதே பேச்சு. நான் ஜெயிப்பேன்னு சொல்லு, ஜெயிச்சிடுவே. வாயால அறிக்கை பண்ணு, வந்துடும். வேதத்துல எங்கம்மா இருக்கு அது? ஆண்டவரை நம்பச் சொல்லியிருக்கு. நம்ம வாயை நம்பச் சொல்லல."

அக்கா ஒரு தலையணை உறையை விரித்து மெஷினை அழுத்தினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"தாவீது தன் ஆத்துமாகிட்டயே பேசினாரே ஐயா. ஏன் இப்படிச் சோர்ந்து போறேன்னு."

"பேசினார். பேசி என்ன சொன்னார்? தேவனை நோக்கிக் காத்திருன்னுதானே? நான் கெட்டிக்காரன், நான் கெட்டிக்காரன்னா சொல்லிக்கிட்டார்?"

"சரி, கிதியோன்? எதிரிக்குப் பயந்து ஒளிஞ்சு நின்னு கோதுமை அடிச்சவரு. அவரைப் போய்ப் பலசாலின்னு..."

"கூப்பிட்டது தேவதூதன்மா! அவரே தன்னைக் கூப்பிட்டுக்கல. அதுதான் விஷயம். நல்ல வார்த்தை வெளியில இருந்து வரணும். இன்னொருத்தர் நம்மைப் பார்த்துச் சொல்லணும். நமக்கு நாமே சொல்லிக்கிட்டா அதுக்குப் பேரு பெருமை."

விரிப்பு மடித்தவர்கள் தலையாட்டினார்கள். நியாயமாகத்தான் பட்டது.

அக்காவும் தலையாட்டினாள். "அது சரிதான் ஐயா. இன்னொருத்தர்தான் சொல்லணும்."

"புரிஞ்சா சரி."

சீட்டைப் பிய்த்து, நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். "புதன்கிழமை இதையே பாடமா எடுக்கப் போறேன். வந்துடு."

மணி ரெண்டானது. ஷிஃப்ட் மாறியது.

அக்கா கையுறையைக் கழற்றினாள். அவள் இடத்துக்கு வந்தவள் சூப்பர்வைசரின் மகள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்பட்டு வராமல் அப்பா வீட்டுக்கே திரும்பி நாலு மாசம் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று அவர்தான் மதிய ஷிஃப்டில் சேர்த்துவிட்டிருந்தார்.

மகள் கைப்பிடிக்கு மேலே பார்த்தாள். பிளாஸ்திரியின் பசை மட்டும் இருந்தது. அதை விரலால் தடவினாள். குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தாள். பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

"என்ன தேடுறே?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா." அவசரமாக ஒரு விரிப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சூப்பர்வைசர் அந்தப் பசையைப் பார்த்தார். பிறகு அக்காவின் பின்னாலேயே வாசலுக்குப் போனார்.

"அந்தச் சீட்டு..."

"எனக்கு எழுதினது இல்ல ஐயா. அவ தன் வாயால வாசிக்கட்டும்னுதான் ‘நான்’னு போட்டேன்."

"அவளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? சாப்பாடு இருக்கு, வீடு இருக்கு, வேலையும் பார்த்துக் கொடுத்தாச்சு. என்ன குறை அவளுக்கு?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் உடுப்பு மாத்துற ரூம்ல சுவரைப் பார்த்து நின்னு முணுமுணுத்துக்கிட்டிருந்தா. ஜெபம் பண்றான்னு நினைச்சு நானும் பக்கத்துல போய்க் கண்ணை மூடினேன். ஜெபம் இல்ல ஐயா. ‘நான் எதுக்கும் லாயக்கில்லாதவ, நான் எதுக்கும் லாயக்கில்லாதவ.’ அதையே திரும்பத் திரும்ப. அவளும் அறிக்கைதான் பண்ணிக்கிட்டிருந்தா."

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றினார். "அவளே... அவளே அப்படிச் சொல்லிக்கிட்டாளா?"

"இல்ல ஐயா. யாரும்மா உன்னை அப்படிச் சொன்னதுன்னு கேட்டேன்." அக்கா பையைத் தோளில் மாட்டினாள். "‘அப்பா’ன்னு சொன்னா."

அவள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள்.

சூப்பர்வைசர் உள்ளே வந்தார். நேரே மெஷின் பக்கத்தில் போய் நின்றார். நல்ல வார்த்தை ஒன்றைச் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மகள், மடித்து வைத்திருந்த விரிப்பைச் சட்டென்று பிரித்தாள்.

"தப்பா மடிச்சுட்டேனாப்பா? இதோ, திரும்ப மடிச்சிடறேன்."