நாகரிகமான உத்தியோகம்

நகக்கண்ணில் ரத்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. கைகளைப் பேன்ட் பைக்குள் ஒளித்துக்கொண்டு, அழைப்புமணியை முழங்கையால் அழுத்தினான்.

கொலைகாரன் இல்லை, கறிக்கடைக்காரன். பெண் கேட்க வந்திருந்தான். அவளே கதவைத் திறந்து, அப்பா என்ன சொன்னாலும் கோபப்படாதே என்று காதோடு சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். அப்பாவுக்கு அரசாங்கத்தில் ஏதோ வேலை என்பது மட்டும்தான் இவனுக்குத் தெரியும்.

வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அவர் தேநீர்க் கோப்பை விளிம்பில் ஊர்ந்த எறும்பை விரல்நுனியில் ஏற்றி, ஜன்னலில் இறக்கிவிட்டு, அது பத்திரமாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவனைப் பார்த்தார். முகத்தை இல்லை, கழுத்தை.

"எழுபது கிலோ இருப்பீங்களா?"

"ஒரு கிலோ கூடங்க."

ஆட்டை இவன் அப்படித்தான் பார்ப்பான். தன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அடுத்துத் தொழிலைக் கேட்டார். சொன்னான். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டார். துடிக்கிற உயிர்மேல் கத்தி வைப்பது காட்டுமிராண்டித்தனம் என்றார், குரலே உயராமல். மனுஷன் குகையை விட்டு வந்து எவ்வளவு காலமாச்சு என்றும் கேட்டார். கறிக்கடைக்காரன் தலையை ஆட்டிவைத்தான்.

"இது நாகரிகமான குடும்பம் தம்பி. ரத்தக் கையோட வர்றவனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்."

கதவோரம் அவள் அழ ஆரம்பித்தாள். கடை போனால் இன்னொரு பிழைப்பு பார்த்துக்கொள்ளலாம். இவள் போனால்? அவனுக்கு யோசிக்கவே வரவில்லை.

"கடையை மூடிடறேன் மாமா. நீங்க கைகாட்டற வேலைக்குப் போறேன்."

பெரியவர் இளகிவிட்டார். தனக்கும் வயதாகிறது, ஒத்தாசைக்கு ஓர் ஆள் வேண்டுமென்று மேலதிகாரியிடம் ஏற்கனவே கேட்டிருப்பதாகச் சொன்னார். அரசாங்க உத்தியோகம். எப்போதாவதுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாது.

கேட்கக் கேட்க இவனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. அவள் மட்டும் ஏனோ முன்னைவிடப் பலமாக அழுதாள்.

"எப்ப வரணும் மாமா?"

அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கே ஜெயிலுக்கு வந்துடுங்க மாப்பிள்ளை, ஒருத்தனைத் தூக்குல போடணும்."