இரண்டாவது தட்டு

"அம்மா படுத்த படுக்கையா கிடக்கிறா. உன் பொண்டாட்டி எங்கடா?" வார்டுக்குள் நுழைந்ததும் அக்கா தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழே லேப்ல வேலையா இருக்கா, அக்கா."

"ஞாயித்துக்கிழமையுமா? மாமியார் பக்கத்துல உட்காரக் கசக்குதாக்கும்!"

"விடுடி," என்றாள் கட்டிலில் கிடந்த அம்மா. "கான்சர் மருந்து ஒத்துக்காம நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. நீ வேற கத்தாதே."

அக்கா அடங்குகிற ஆளா? தையல் கடையில் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. விறுவிறுவென்று படியிறங்கினாள்.

லேபில் தம்பி மனைவி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க ஒரு உயிர் ஊசலாடுது. இங்க என்னம்மா இளிப்பு?"

"வாங்க அண்ணி! கான்சர் மருந்தைச் செல் எப்படித் தாங்குதுன்னு பார்க்கிறேன்."

"எனக்குப் புரியாதுன்னு அடிச்சு விடாதே."

"உங்க தொழில்தான் அண்ணி. செல்லுக்குள்ள டிஎன்ஏங்கற நூல், கண்டுல சுத்தின மாதிரி இருக்கும். பழைய மருந்து கண்டையும் கலைக்கும், நூலையும் அறுக்கும். புது மருந்து கண்டை மட்டும்தான் கலைக்கும்."

"நூல் அறுந்தா முடிச்சுப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"செல்லும் அதைத்தான் செய்யும். ஆனா இதயத்துக்கு அந்த வேலை சரியா வராது. கட்டியை ரெண்டு மருந்துமே கொல்லுது. இந்தத் தட்டுகள்ல இருக்கிறது இதயச் செல். எந்த மருந்தைத் தாங்கும்னு நீங்களே பாருங்க."

அக்கா வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள்.

"இது அசையவே இல்லையே. பாவம், யாரு பெத்த பிள்ளையோ!"

"அது பழைய மருந்து." அடுத்த தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அடேயப்பா! இது நல்லா துடிக்குதே!"

"புது மருந்து. அதான் சந்தோஷம் தாங்கலை."

அக்காவுக்குக் கோபம் மறுபடி ஏறியது. "யாரோட இதயத்துக்காகவோ எங்க அம்மாவை அம்போன்னு விட்டுட்டியே!"

"யாரோ இல்ல அண்ணி. ரெண்டு தட்டுலயும் இருக்கிறது உங்க அம்மாதான். போன வருஷம் அத்தை ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்துல இருந்த செல்லை மாத்தி வளர்த்த இதயச் செல். இனிமே எந்த மருந்து ஏத்தலாம்னு முடிவு பண்ண டாக்டர் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார்."

அக்கா மெல்லக் குனிந்து இரண்டாவது தட்டை நெடுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது.

தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து பேசாத அளவுக்கு மெதுவாகக் கேட்டாள்:

"ஏம்மா... நான் கத்தினது இதுக்குக் கேட்டிருக்காதே?"