சர்க்கரை கூடிப்போச்சு

பக்கத்து வீட்டு நிலவறையில் டமால், டமால் என்று சத்தம் கேட்டதும் ப்ரோனியா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மதுவிலக்கு வந்ததிலிருந்து சிகாகோவின் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சினார்கள். சர்க்கரை கூடினால் பாட்டில் வெடிக்கும்; வெடிக்காத வாரமே கிடையாது.

நிலவறைப் படிக்கட்டில் அந்த வீட்டுக்காரி ஹலீனா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றிருந்தாள். உதடு கிழிந்து ரத்தம் ஒழுகியது.

"கண்ணாடி தெறிச்சிடுச்சா? சர்க்கரையை அள்ளிக் கொட்டாதேடின்னு எத்தனை தடவை சொன்னேன்! நுரை நல்லா அடங்கினப்புறம்தான் மூடணும். மேல ஈரச்சாக்கு போட்டு வைக்கணும். தள்ளு, நான் பெருக்கறேன்."

"கீழ வராதக்கா!"

ப்ரோனியா கேட்கவில்லை. இறங்கினாள்.

சாக்குக்கு அடியில் பாட்டில்கள் எல்லாம் முழுசாக இருந்தன. அவற்றின் முன்னால், தெருவையே மிரட்டிப் பீர் பறிக்கும் ஸிக்மண்ட் மார்பில் இரண்டு ஓட்டையோடு மல்லாந்து கிடந்தான். போன மாதம் ப்ரோனியாவின் புருஷனை அடித்தே கொன்றவன். ஹலீனா முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்த கையை முன்னால் கொண்டுவந்தாள்; அதில் அவனுடைய துப்பாக்கி இருந்தது.

வாசலில், தன் பங்கு பீரை வாங்க வந்த போலீஸ்காரரின் குரல் கேட்டது. "என்னம்மா, சுடற சத்தம் மாதிரி இருந்துச்சே?"

ப்ரோனியா இரண்டு பாட்டிலை எடுத்து ஸிக்மண்டின் மண்டையிலேயே ஓங்கி உடைத்தாள்.

"பாட்டில் வெடிக்குது சார்! சர்க்கரையைக் குறைடின்னா இவ கேட்டாத்தானே!"