கம்பி வாடகை

கூரைமேல் சூரியத் தகடுகள் போட்ட நான்காம் மாதம், துளசிமணியின் மாவு மில்லுக்குப் புதுக் கட்டணம் ஒன்று வந்தது. அவள் தகடுகளில் விளைந்த மின்சாரத்துக்கே கம்பி வாடகை. கட்டமாட்டேன் என்று எழுதிப் போட்டாள். மின்வாரிய அதிகாரி லைன்மேனோடு நேரில் வந்தார்.

“கூரையிலிருந்து மோட்டாருக்குப் பத்தடி. அது என்ர கம்பிங்க. உங்க கம்பி இதுல எங்க வந்துச்சு?”

“மேகம் மூடுனா எங்க கம்பிதானம்மா உங்களைத் தாங்குது? நீங்கெல்லாம் விலகிட்டா, தகடு போட வக்கில்லாதவங்க தலையிலதான அந்தச் செலவு விழும்?”

அதில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டது. அதனாலேயே கோபம் கூடியது. “ஞாயித்துக்கிழம மில்லு மூடிக் கெடக்கறப்ப என்ர வெயிலும் அந்தக் கம்பியிலதான ஊருக்குப் போவுது? அதுக்கு நீங்க வெச்ச வெலையை நான் கேள்வி கேட்டனா? கழட்டுங்க.”

கம்பி இல்லாமலே ஓடும்படி முந்தின வாரமே ஆள் வைத்து இன்வெர்ட்டரை மாற்றியிருந்தாள். லைன்மேன் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்திலிருந்து இறங்கியபோது மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதிகாரி ஜீப்பில் ஏறாமல் வானத்தைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரத்தில் மேகம் வந்தது. அரவைக்கல் முனகி, மெதுவாகி, நின்றது.

திடீர் அமைதியில் துளசிமணிக்குக் காது அடைத்தது. அரைக்க வந்தவர்களின் வரிசையில் முதலில் நின்றவள் ராகி வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு மில்லுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தாள். அவளோ வாளியை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“மேகந்தானுங்க்கா,” என்றாள். “போகட்டும்.”