தூர்ந்த துளை

இளஞ்சிவப்புத் திரவத்தில் ஒரு காது மிதந்துகொண்டிருந்தது. விபத்தில் இடக்காதை இழந்த பூவரசிக்காக, அவளுடைய செல்களைக் கொண்டே மெர்சி தன் ஆய்வகத்தில் அதை அச்சிட்டிருந்தாள். வலக்காதின் படத்தைத் திருப்பிப் போட்டு அச்சிட்டதில், கம்மல் துளையும் சேர்ந்தே வந்துவிட்டது.

முதல் நாள் பூவரசியோடு வந்த அவள் தாய்மாமன் கண்ணாடிப் பெட்டியில் மூக்கு உரசக் குனிந்தார். "என் மடியில வெச்சுக் குத்தின காதும்மா. இப்ப மிஷினே குத்திடுச்சு. மாமன் மாலைய இனி அதுக்குத்தான் போடணும்."

மெர்சி சிரித்தாள். ஆனால் கவலை போகவில்லை. செல்கள் உயிரோடிருந்தால்தான் காதை வைத்துத் தைக்க முடியும். இதற்கு முன் அச்சிட்ட காதுகளெல்லாம் மெழுகைப்போல அழகாக இருந்து, அப்படியே செத்துப்போயிருந்தன.

சில வாரங்கள் கழித்து இருவரும் மறுபடி வந்தார்கள். குனிந்து பார்த்த மாமாவின் முகம் வாடியது.

"துளையக் காணோமே. குச்சி கிச்சி சொருகி வைக்கலையாம்மா? தூந்துபோச்சு பாரு."

மெர்சி ஓடிவந்தாள். துளை இருந்த இடத்தில் புதுச்சதை மினுமினுத்தது. யாரும் அச்சிடாத, தானாக வளர்ந்த சதை. தன் காதுமடலை ஒருமுறை தொட்டுக்கொண்டாள்.

"அப்ப மறுபடி குத்தணுமா மாமா?" என்றாள் பூவரசி.

"பின்ன? வந்து உக்காரு." அவர் ஆய்வகத்தின் உயரமான முக்காலியில் ஏறி அமர்ந்து மடியைத் தட்டினார்.

கல்லூரி முடித்த பெண் வெட்கத்தோடு சிரித்தாள். திரவத்துக்குள் காது மெல்லத் திரும்பியது, யாரோ கூப்பிட்டதுபோல.