இருமலுக்குச் சிவப்பு

இருமுவதற்குப் பயந்த ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வளைகுடாவில் எங்கள் லேபர் கேம்பில், என் கீழ்க்கட்டிலில் இருந்தார். அறந்தாங்கிக்காரர், மரியசூசை அண்ணன்.

குடலிறக்கத்துக்கு அவர் வயிற்றில் கம்பெனி ஒரு வலை வைத்துத் தைத்திருந்தது. வயிற்றில் இழுப்பு விழுந்தால் அந்த வலையே ஆபீசுக்குச் சொல்லிவிடும். அவர் போனிலும் சிவப்பு விழும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் வலை நகர்ந்துவிட்டது என்று கணக்கு. மறுபடி அறுத்து வேறு வலை வைப்பார்கள். போன தடவை மூன்று நாள் மூத்திரம் பிரியாமல் கிடந்தவர் அவர்.

இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. இரண்டுமே மணல் தூசியால் வந்த இருமல்.

"டேய் சவரி, அடக்க முடியலடா. இன்னொரு தடவ கத்தி வச்சா செத்துருவேன்."

"பயப்படாதீங்கண்ணே. சிக்னல் வெளிய போனாத்தான ஆபீசுக்குத் தெரியும்?"

குப்பூஸ் ரொட்டி சுற்றி வந்த அலுமினியத் தாளை அவர் வயிற்றில் நான்தான் நாலு சுற்றுச் சுற்றினேன்.

"பார்சல் ரெடி," என்றான் எதிர்க்கட்டில் குழந்தைவேலு. "ஊறுகாய் வைக்கவாண்ணே?"

அண்ணன் சிரித்தார். பிறகு ஆசை தீர இருமினார். போனில் சிவப்பு விழவில்லை. எப்போதும் எரியும் பச்சையும் அணைந்திருந்தது. நான் பார்த்தேன், சொல்லவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். வலையிலிருந்து தகவல் நின்றுவிட்டதால் அது கிழிந்துவிட்டது என்றார்கள். தாளைப் பிரித்துக் காட்டினேன். உத்தரவு வந்துவிட்டது என்று சொல்லி, அண்ணனை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.